இரும்புத் திருட்டு விசாரணைக் குழு

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்து மருத்துவமனைகளில் இதுவரை அமைக்கப்பட்ட குழுக்களிலேயே தலைசிறந்தது எங்கள் விசாரணைக் குழுதான். அதன் தலைவர் என்ற முறையில் இதை முழு நடுநிலையோடு சொல்கிறேன். ஆய்வகத் தலைவர் குவாபாராவாகிய நான் கையெழுத்துக்குப் பதில் குத்தும் முத்திரையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மேலதிகாரியின் முத்திரைக்குத் தலைவணங்குவது போல அது இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து விழும். அந்தச் சாய்வு கைவர எனக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. வேறு எதையும் கற்றுக்கொள்ள நேரமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் சாக்கே எனும் அரிசி மது வடிக்கும் தோகுமித்சு என்பவர் குடல் அறுவைக்காக எங்களிடம் படுத்திருந்தார். அறுவை நன்றாக முடிந்தது. எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் ஈஸ்ட் பூஞ்சை புகுந்திருந்தது. பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார்கள். ஆள் வெளிறிப்போயிருந்ததால், கூடவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்புச் சத்தும் நரம்பு வழியே ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

ஆய்வகத்தில் எனக்கும் முன்பிருந்தே, இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும், இப்போது எனக்குக் கீழே இருக்கும் இனோகுச்சி அம்மையார் திங்கட்கிழமை காலை இரண்டு கண்ணாடித் தட்டுகளோடு என் மேசைக்கு வந்தார். இரண்டிலும் தோகுமித்சுவின் பூஞ்சை. வெறும் ரத்தநீர் விட்ட தட்டில் அது சோம்பிக் கிடந்தது. ஒரு சொட்டு இரும்பு சேர்த்த தட்டில் தயிர் போலப் படர்ந்திருந்தது.

"சென்செய், உடம்பு இரும்பைப் பூட்டி வெச்சுக்கும். இந்த ஈஸ்ட் சிவப்பணுவை உடைச்சுத் திருடும். அதுவும் பத்தலேன்னா, பக்கத்துல இருக்கிற பாக்டீரியா இரும்பைப் பிடிக்கறதுக்குன்னு கக்கி வெச்ச பொருளை அப்படியே தூக்கிக்கும். அந்தப் பொருளைத் தானா செய்ய அதுக்குத் தெரியாது. அவ்வளவு கஷ்டப்படற திருடனுக்கு நாம சாவியைக் கையில கொடுத்துட்டு இருக்கோம். அடுத்த பாட்டில் புதன்கிழமை மூணு மணிக்கு."

"அருமை. எழுத்துல கொடுங்க," என்றேன்.

"வார்டுக்கு ஒரு போன் பண்ணினா போதுமே சென்செய்."

"போன்ல முத்திரை குத்த முடியாதே, இனோகுச்சி சான்."

குழு அன்றே பிறந்தது. செவ்வாய்க்கிழமை முழுவதும் பெயர் பற்றி விவாதித்தோம். "இரும்புத் திருட்டு" என்று நான் முன்மொழிந்தேன். அறுவைப் பிரிவுத் தலைவர் ஏற்கவில்லை.

"திருட்டுன்னா காவல் சரியில்லைன்னு ஆகுமே குவாபாரா சான். காவல் யாரு, நாமதானே?"

"இழப்பு" என்று மாற்றினோம். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முக்கியக் கட்டத்தை எட்டினோம். இரும்பை "நிறுத்துக" என்பதா, "நிறுத்துவது குறித்துப் பரிசீலிக்கலாம்" என்பதா? நான் இரண்டாவதை ஆதரித்து உணர்ச்சிகரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த இனோகுச்சி கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்.

அவர் நேராக நான்காம் மாடிக்குப் போயிருக்கிறார். பிறகு செவிலியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தட்டுகளை நோயாளியின் போர்வை மேலேயே வைத்தாராம்.

"தோகுமித்சு சான், டாக்டரைக் கேக்காம நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனா இப்ப மாட்டப் போற பாட்டில்ல இருக்கிறது இரும்பு. உங்க ரத்தத்துல இருக்கிற ஈஸ்டுக்கு அதுதான் சாப்பாடு."

"இரும்பா?" தோகுமித்சு தலையைத் தூக்கினாராம். "நாப்பது வருஷமா தண்ணியில ஒரு பொட்டு இரும்பு வந்துடக் கூடாதுன்னு கிணத்தைக் காவல் காக்கறேன். வந்துச்சுன்னா சாக்கே பழுப்படிச்சுப் போயிடும். அதைப் போய் எனக்குள்ள ஊத்தறாங்களா? எனக்கு வேணாம். டாக்டரைக் கூப்பிடும்மா."

இளம் மருத்துவர் வந்தார். தட்டுகளைப் பார்த்தார். காது சிவந்தது. மருந்துக் குறிப்பில் இரும்பை அடித்துவிட்டார். பூஞ்சை ஒட்டியிருக்கும் என்று கழுத்து நரம்பில் இருந்த குழாயையும் மாற்றச் சொன்னார். மொத்தம் நான்கு நிமிடம். பூஞ்சை மருந்து அதன்பிறகே வேலை செய்யத் தொடங்கியது. அன்றிலிருந்து ஆறாம் நாள் தோகுமித்சு கஞ்சி கேட்டார்.

எங்கள் பரிந்துரை பதினொரு முத்திரைகளுடன் ஏழாம் நாள் வார்டை அடைந்தது. நோயாளி பிழைத்திருந்ததால் அது மாபெரும் வெற்றி என்று தீர்மானிக்கப்பட்டது. இயக்குநர் எனக்குப் பாராட்டிதழ் வழங்கினார். ஒழுங்கை மீறி நோயாளியிடம் பேசியதற்காக இனோகுச்சிக்குக் கண்டனக் கடிதம் போயிற்று. அதிலும் என் முத்திரைதான். மிக அழகாகச் சாய்ந்திருந்தது. அவர் அதை இரு கைகளாலும் வாங்கி, குனிந்து, நன்றி சொன்னார். அன்று மதியம் எனக்கு நூடுல்ஸ் இறங்கவில்லை. குளிர்தான் காரணம் என்று பதிவு செய்துகொண்டேன்.

வசந்தத்தில் தோகுமித்சு நடந்தே வந்தார். கையில் துணியில் சுற்றிய பெரிய பாட்டில்.

"அந்தத் தட்டு கொண்டு வந்த அம்மா இருக்காங்களா?"

"இன்னிக்கு விடுப்பு. நான் கொடுத்துடறேன்."

"இந்த வருஷத்து முதல் வடிப்பு. அவங்ககிட்டயே சேர்த்துடுங்க சென்செய்."

ஊழியர்கள் நோயாளிகளிடம் பரிசு பெறக் கூடாது என்பது விதி. இனோகுச்சி மறுபடி ஒரு விதியை மீற நான் எப்படி அனுமதிப்பேன்? அவரைக் காப்பாற்றும் பொருட்டு, அன்று மாலை வீட்டில், வறுத்த கணவாய் மீனுடன், அந்தப் பரிசைச் சிறுகச் சிறுக அப்புறப்படுத்தினேன்.

திங்கட்கிழமை இனோகுச்சி ஒரு தாளோடு வந்து நின்றார்.

"தோகுமித்சு சான் போன் பண்ணினார் சென்செய். சாக்கே எப்படி இருந்ததுன்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?"

யோசிக்க நேரமில்லை. "பிரமாதமா இருந்ததுன்னு சொல்லுங்க."

அவர் தலையசைத்து அதைத் தாளில் எழுதினார். தேதி, பாட்டிலின் அளவு, கொடுத்தவர், பெற வேண்டியவர், குடித்தவர் என எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. நான் கற்றுக்கொடுத்த படிவம்.

"எழுத்துல இருக்கட்டும்னுதான். உங்க முத்திரை இங்க, சென்செய்."

பத்தொன்பது ஆண்டுப் பழக்கம், கை தானாகப் போயிற்று. குத்தினேன். எங்கள் விசாரணைக் குழு இன்றுவரை கண்டுபிடித்த ஒரே திருட்டு அதுதான்.