மூன்று ரேடியோ, ஒரு வேட்டி

"சார், ஹெலிகாப்டர் எங்க தலைக்கு மேலதான் போவுது! கூப்பிட்டுக்கினே இருக்கேன், அவனுக்குக் கேக்கல!"

முந்திரிக்காட்டில் நின்ற சர்வே உதவியாள் சேவியர்ராஜ் வாக்கி டாக்கியில் போட்ட கத்தலில், நெய்வேலி சர்வே ஆபீசின் வயர்லெஸ் மேசையில் இருந்த சங்கரலிங்கத்துக்குக் காது அடைத்தது.

"எப்படிய்யா கேக்கும்? உன் செட் வேற, அவன் செட் வேற. என்கிட்ட சொல்லு. நான் மேல இருக்கிற விமானத்துக்குச் சொல்றேன், அவங்க ஹெலிகாப்டருக்குச் சொல்லுவாங்க."

எண்பத்தொன்றாம் வருடம். புதுச் சுரங்கத்துக்கு இடம் பார்க்க வானத்திலிருந்து படம் எடுத்தார்கள். தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் அடையாளம் கண்டு சொல்ல வேண்டும். உயரத்தில் விமானம் படம் பிடிக்கும். ஆபீசோடும் ஹெலிகாப்டரோடும் பேச, விமானத்தில் மட்டும்தான் இரண்டு விதமான ரேடியோவும் இருந்தது. ஆளில்லாத முந்திரிக்காட்டைத்தான் எடுக்கப் போகிறோம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அங்கே சுண்ணாம்பால் போட்ட அடையாளத்தை முந்தின நாள் மழை கழுவிக்கொண்டு போய்விட்டது.

"வேட்டியை அவுத்து விரி" என்றார் சங்கரலிங்கம்.

"வேட்டியையா?"

"முந்திரிக்காட்டுல உன்னை யாருய்யா பாக்கப் போறா?"

சேதி மேலே போயிற்று. ஐந்து நிமிடத்தில் விமானத்து ரேடியோக்காரர் மலையாளம் கலந்த தமிழில் பேசினார். "ஹெலிகாப்டர் வெள்ளைத்துணி கண்டாச்சு."

சங்கரலிங்கம் அதைச் சொன்னதும், "எங்க கண்டான்?" என்று அலறினான் சேவியர்ராஜ். "இங்க ஹெலிகாப்டரையே காணோம். நான் டவுசரோட நின்னுக்கினு இருக்கேன்!"

சங்கரலிங்கம் மைக்கைக் கிட்டே இழுத்தார். "சரியான துணிதானான்னு பாத்துருவோம். வேட்டியை ஆட்டு."

மேலிருந்து பதில் வந்தது. "ஆடுது. ஒண்ணில்லை, பத்துத் துணி ஆடுது."

"ஐயோ! சேவியர்ராஜ், புகை போடு, புகை!"

ஈரச் சருகு பற்றவில்லை. ஆனால் மேலிருந்து சந்தோஷமாகச் சொன்னார்கள்: "புகை நல்லாத் தெரியுது. படம் எடுத்தாச்சு. பெட்ரோல் குறைவு, போறோம்."

"நில்லுங்க! அது வேற இடம்!" என்று சங்கரலிங்கம் கத்தினார். கரகரப்புதான் பதில்.

சேறான வேட்டியோடு சேவியர்ராஜ் திரும்பி வந்தான். "ஹெலிகாப்டர்காரன் பக்கத்து ஊரு ஏரிக்கொல்லைக்குப் போயிட்டான் சார். ஏரிக்கரையில துணி வெளுக்கிறவங்க வெள்ளாவி அடுப்பு மூட்டிப் புகைய விட்டிருந்தாங்க. ஹெலிகாப்டரைப் பாத்த சந்தோஷத்துல ஆளாளுக்குத் துணியை எடுத்து ஆட்டியிருக்காங்க."

சங்கரலிங்கம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் வேலை இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, குவார்ட்டர்சுக்குத் துணி வெளுக்கும் பெரியநாயகி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு அழுதாள்.

"ஏரிக்கொல்லையையே காலி பண்ணணும்னு நோட்டீஸ் வந்துட்டுதுங்க. நூத்தி நாப்பது வூடு. அன்னிக்கு ஹெலிகாப்டரைப் பாத்து எம் பொண்ணு கூட துணியை ஆட்டிச்சிங்க."

அன்று முழுக்க சங்கரலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் எந்தத் துணியை ஆட்டியிருப்பாள்? தன்னுடைய சட்டையாகவே இருக்குமோ? காகிதத்தை எடுத்தார். நடந்ததையெல்லாம் நான்கு பக்கம் எழுதி, 'முழுத் தவறும் என்னுடையது; ஏரிக்கொல்லையை விட்டுவிடுங்கள்' என்று முடித்தார்.

மனைவி சுப்புலட்சுமி படித்துப் பார்த்தாள். "வேலை போயிருமே?"

"போகட்டும். ஊர் நிக்குமே."

அவள் சலவைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறந்ததுமே போய், டைப்பிஸ்ட் சந்திராவிடம் காகிதத்தை நீட்டினார். அவள் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதை எதுக்கு சார் டைப் அடிக்கணும்? ஏரிக்கொல்லை நோட்டீசை நான் போன வருசமே அடிச்சு வச்சுட்டேன், தேதிக்கு மட்டுந்தான் இடம் விட்டிருந்தேன்."