ஒரு கூட்டுக் குரல், மூன்று பிரதிகளில்

அறிவியல் கொள்கை வகுப்பதில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு கூட்டுக் குரல் வேண்டும் என்று மேலிடம் திருவுளம் கொண்டு ஆணையிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் நாற்பது இளம் ஆராய்ச்சியாளர்கள். நாற்பது பேரும் ஒப்பந்த வேலை. என் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது. பிள்ளை பெற்றெடுத்த ஆறு மாதத்தை ‘ஆராய்ச்சி நடைபெறாத காலம்’ என்று எழுதிவிட்டார்கள். அதை ஒப்பந்தத்தில் கூட்டித் தாருங்கள் என்று தனியாகக் கேட்க எனக்குப் பயம். கூட்டுக் குரலில் கேட்டால் யார் கேட்டது என்று தெரியாதல்லவா?

எல்லோர் கோரிக்கையையும் எழுதிய மனுவை யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது.

“நீதான் எப்படியும் போகப்போறவளாச்சே. உனக்கென்ன பயம்?” என்று ஆறுதல் சொல்லி என்னை அனுப்பினார்கள். பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

எழுத்தர் மனுவைப் புரட்டினார். “குரல் எங்கம்மா?”

“இதுலதான் எழுதியிருக்கோம் சார்.”

“இது எழுத்து. ஆணையில குரல்னு இருக்கு. படிச்சவங்கதானே நீங்க?”

“நாற்பது பேர் குரலையும் பதிவு பண்ணி எடுத்துட்டு வரவா?”

“நாற்பது கூடாது. குரல்னு ஒருமையில போட்டிருக்கு. ஒரே குரல். மூணு பிரதி.”

மறுநாள் நாற்பது பேரும் கைபேசியைச் சுற்றி நின்றோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வாயைத் திறக்கும் நேரத்தில், கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் எட்டிப் பார்த்தார். நாற்பது வாயும் மூடிக்கொண்டன. இயக்குநர் யாரென்று அறியாத ஒரே ஜீவன் என் இடுப்பில் இருந்தது. அது வீறிட்டு அழுதது.

குரலை ஒப்படைக்கக் கடைசி நாள் என்பதால், பதிவான அந்த அழுகையையே மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

அதிகாரி கண்ணை மூடிக் கேட்டார். “அருமை. ஒரே குரல். உள்ள ஒரு கோரிக்கையும் இல்ல. கொள்கைக் குழுவுக்கு இப்படிப்பட்ட இளைஞரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். வயசு?”

“பத்து மாசம் சார்.”

“உச்சவரம்பு முப்பத்தஞ்சு. தகுதி உண்டு.”

இவ்வாறாக என் குழந்தை கொள்கைக் குழுவின் உறுப்பினராயிற்று. தூக்கிவரும் பொறுப்பு எனக்கு. முதல் கூட்டத்திலேயே நிகழ்ச்சி நிரலை மென்று விழுங்கிவிட்டது. “ஆவணத்தை இவ்வளவு ஆழமா உள்வாங்கினவங்களை நான் பார்த்ததில்ல” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். விவாதம் வந்தால் தூங்கும். பிஸ்கட் வந்தால் விழிக்கும். இரண்டே வாரத்தில் மற்றவர்களிடமிருந்து பிரித்தறிய முடியவில்லை.

ஆய்வகத்திலோ என் சகாக்கள் கிலுகிலுப்பையும் மனுவுமாக வரிசையில் நின்றார்கள். “அக்கா, நம்ம பாப்பா காதுல ஒரு வார்த்தை போட்டு வைங்க.”

என் ஒப்பந்தத்தின் கடைசி நாளன்று குழு கூடியது. இனி இழக்க என்ன இருக்கிறது என்று, குழந்தையைப் பிடித்துக்கொண்டே எழுந்தேன். “ஐயா, அந்த ஆறு மாசம்...”

தலைவர் கையமர்த்தினார். “இது இளைஞர் விவகாரம். இளைஞர் பிரதிநிதிதான் சொல்லணும்.”

எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். அது அதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ‘அம்மா’ என்று எப்போது சொல்லும் என்று காத்துக் கிடந்தவள் நான். அது வாயிலிருந்த பிஸ்கட்டை எடுத்தது; என்னை ஏற இறங்கப் பார்த்தது; இத்தனை நாளாக அந்த அறையில் கேட்ட ஒரே வார்த்தையைத் திருத்தமாகச் சொன்னது.

“பாக்கலாம்.”

அவை கைதட்டியது. முதலில் தட்டியது நான்தான். பெற்ற மனம் கேட்கிறதா?