சர்வர் தலையில் எலுமிச்சம்பழம்

தேனாம்பேட்டையில் அந்த மூன்றாவது மாடிக்குப் போக லிஃப்டில் இடமில்லை. பெருங்குடியிலிருந்தும் திருவான்மியூரிலிருந்தும் கம்பெனி முதலாளிகள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாம் அன்று அங்கே வந்திருந்த சர்வர் சித்தரின் தரிசனத்துக்காக! போன வருடம் வரை தி.நகரில் வாஸ்து மீன் விற்றவர். இப்போது கம்ப்யூட்டருக்குப் பேய் ஓட்டுகிறார்.

பேய் என்ன பேய்? கம்ப்யூட்டரின் கருவான கெர்னலில், வெளியிலிருந்து வரும் தகவலைப் பிரித்துப் பார்க்கும் இடத்தில் ஒரு ஓட்டை. எவனாவது கோணல்மாணலாக ஒரு தகவலை அனுப்பினால் போதும், சர்வர் மயங்கி விழுந்துவிடும். ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்து பத்து நாளாகிறது. அதைப் போட்டு, சர்வரை ஒருமுறை அணைத்து ஏற்றினால் தீர்ந்தது. ஆனால் இலவசமாக வந்ததை யார் மதிக்கிறார்கள்?

கோதண்டபாணி மதிக்கவில்லை. அந்த மூன்றாவது மாடியில், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிகளில் முறை பதிவு செய்யும் கம்பெனி அவருடையது. ஆயுதபூஜையன்று சந்தனம் வைத்து ஏற்றிய சர்வரை அடுத்த ஆயுதபூஜை வரை அணைக்கக் கூடாதாம். அதுவாக விழுந்தால் பரவாயில்லை, நாமாக அணைத்தால்தான் தோஷமாம்! சர்வரைக் கவனிக்கும் அஃப்சருன்னிசா கெஞ்சி ஓய்ந்துபோனாள்.

சித்தர் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினார். நுனியில் மஞ்சள் துணி சுற்றினார். சர்வர் தலையில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஒரு மணி நேரம் மந்திரம். சர்வர் விழவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியாம்மா? அசையவே இல்ல!" என்றார் கோதண்டபாணி.

"சாயங்காலம் வரைக்கும் ஒயர் விரதம் இருக்கணும்" என்றார் சித்தர்.

தரை துடைத்துக்கொண்டிருந்த தேவானை நிமிர்ந்தாள். "இன்னா சாமி, ஒயர புடுங்கிட்டு கெலிச்சேன்றியே? கதவ சாத்திக்கினா எங்கூட்டுலயுந்தான் கொசு வராது. அதுக்குன்னு உள்ளயே குந்திக்கினு கீறதா? மூணு மணிக்குள்ள பதியலன்னா எங்கூட்டுக்காரருக்கு நாளைக்கி முற போயிடும். அவருக்கு ரெண்டு கிட்னியும் அவுட்டு!"

மணி இரண்டே கால். அஃப்சருன்னிசா கோதண்டபாணியிடம் திரும்பினாள்.

"சார், பக்கத்துல இருக்கற மாத்து சர்வருக்குத்தான் சந்தனம் வெக்கலையே. அதுல நான் அப்டேட் போடறேன். உங்க சர்வர்ல பழம் இருக்கட்டும். ரெண்டுக்கும் ஒயரை மாட்டுவோம். அந்தக் கோணல் தகவலை நானே ரெண்டுக்கும் அனுப்பறேன். என்னுது விழுந்தா இன்னிக்கே வேலைய விட்டுப் போயிடறேன்."

சித்தருக்கு வேர்த்தது. "இன்னிக்கு அஷ்டமி..."

"ஏன் சாமி, அஷ்டமியில பழம் வேலை செய்யாதா?" என்று கோதண்டபாணி வெள்ளந்தியாகக் கேட்டார். கூட்டமும் "மாட்டுங்க, பாத்துடலாம்" என்றது. வேடிக்கை என்றால் பக்தி இரண்டாம் பட்சம்தானே!

அப்டேட் ஏறியது. ஒயர்கள் மாட்டப்பட்டன. அஃப்சருன்னிசா பட்டனைத் தட்டினாள்.

சந்தன சர்வரின் திரை உறைந்தது. எலுமிச்சம்பழம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மாற்று சர்வர் மளமளவென்று ஓடியது. இரண்டு ஐம்பதுக்கு தேவானை வீட்டுக்காரரின் முறை திரையில் வந்தது: முருகன், நாளை காலை ஏழு மணி. தேவானை தரை துடைக்கும் துணியைப் போட்டுவிட்டு அழுதாள்.

"உங்க தரிசன புக்கிங் வெப்சைட் ஒரு நாள்கூட விழலையே சாமி, அதுக்கு எந்தப் பழம் வெச்சீங்க?" என்றாள் அஃப்சருன்னிசா.

"அதுக்குத்தான் அன்னிக்கே அப்டேட் போட்டாச்சே!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த நிமிடம் படிக்கட்டு வழியாக இறங்கி ஓடினார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

"ஒருவேளை பூசணிக்காய் வெச்சிருந்தா?" என்றார் பெருங்குடி முதலாளி ஒருவர்.

தேவானை அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப்போய் டீ பாத்திரம் தேய்த்தாள். கறை போயிற்று. பழத்தால் ஆகிற காரியம் அதுதான். அப்டேட் இலவசம். யோசிப்பதும் இலவசம்தான், ஐயா. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் சீந்துவதில்லை!