நிறுவனரின் மீசை

நிறுவனருக்கு இப்போது மீசை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"ஈரத்துணியாலயா துடைச்சீங்க?" என்று தலையில் கை வைத்தார் ஓவிய வாத்தியார்.

"கண்ணாடியைத்தான் துடைச்சேன். தண்ணி உள்ள இறங்கும்னு யாரு கண்டா?" சரித்திர வாத்தியார் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

நாளைக்கு ஊரின் பழைய ஆண்கள் பள்ளிக்கு நூற்றாண்டு விழா. பள்ளியின் வரலாற்றை எழுதியவரே இவர்தான். அடுத்த தலைமையாசிரியர் யாரென்று மேடையிலேயே அறிவிக்கப் போகிறார்கள், இவர்தான் என்று ஊரே பேசுகிறது. இந்த நேரம் பார்த்து, நிறுவனருக்கு இருந்த ஒரே படத்தைக் குளிப்பாட்டி வைத்திருக்கிறார் மனுஷன்.

மின்விசிறிக்குக் கீழே காய வைத்தார்கள். படம் சுருண்டது. சுருக்கம் போக இஸ்திரிப் பெட்டியை வைத்தார்கள். மீசையும் போயிற்று.

"நீங்களே ஒண்ணு வரைஞ்சிடுங்களேன்."

"எனக்குப் பூச்சாடியும் கிளியும்தான் சார் வரும். பேசாம வேற யாராவது மீசைக்காரரைப் பிடிங்க. பெரிய மீசை, வட்டக் கண்ணாடி. யாரு கிட்டப் போய்ப் பார்க்கப் போறா?"

அப்படி ஒருவர் இருந்தார், சரித்திர வாத்தியார் வீட்டுக் கூடத்துச் சுவரில். காலமான மாமனார். இதே பள்ளியில் எட்டாம் வகுப்பில் கோட்டடித்து, மதிலேறிக் குதித்து ஓடிய மகான்.

மறுநாள் மேடையில் நிறுவனர் படத்தின் திரை விலகியது. முன்வரிசையில் இருந்த சரித்திர வாத்தியார் மனைவி, "ஏங்க!" என்று எழுந்தேவிட்டாள். மேடையிலிருந்தே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். உட்கார்ந்தாள். ஆனால் வீட்டுக்கு வா, வைத்துக்கொள்கிறேன் என்று முகம் சொன்னது.

பழைய மாணவர் சங்கத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "ஆகா, படிப்புக்குன்னே பொறந்த முகம்யா! இதை அப்படியே வெண்கலத்துல வடிச்சு வாசல்ல நிறுத்தப் போறோம்!"

கைதட்டல் அடங்கவில்லை. சரித்திர வாத்தியார் வாசலைப் பார்த்தார். சுவரில் இருப்பதையாவது கழற்றலாம், வெண்கலத்தை என்ன செய்வது?

அப்போதுதான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க நிறுவனர் படத்தை வணங்காமல் அறைக்குள் நுழையாதவர் அவர். மனைவியோடு வந்தால் இன்னும் ஒரு சாண் கூடவே குனிவார். அந்த முகம் அவருக்கு மறக்குமா?

படத்தருகே போய் வெகுநேரம் நின்றார். பிறகு சரித்திர வாத்தியாரை விரலசைத்து ஓரமாகக் கூப்பிட்டார்.

"யாருய்யா இது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் மாமனார், ஐயா. மன்னிச்சிடுங்க. பதவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்பவே உண்மையைச் சொல்லிடுறேன்."

"உளறாதய்யா!" பெரியவர் அவசரமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். "நானும் ஈரத்துணியாலதான் துடைச்சேன். நேத்து வரைக்கும் அங்க தொங்கினது என் மாமனார்."