கல்யாணச் சட்டையும் பதினைந்தரை இஞ்ச் கழுத்தும்

வடசேரியில் டேப்பு அண்ணாச்சி அறியாத கழுத்து ஒன்றுகூடக் கிடையாது. சந்தைக்குப் போகிற வழியில் ஒற்றைத் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். அளவை நோட்டில் எழுதுகிற வழக்கமே இல்லை. ஊர் ஆண்கள் அத்தனை பேருடைய கழுத்தும் மார்பும் அவர் தலைக்குள் இருந்தன. பெயர்தான் நிற்காது. "அந்த முப்பத்தெட்டு நேத்து வந்தாரே" என்பார். அது யாரென்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துக்க வீட்டில், "நாப்பத்திரண்டு இஞ்ச் நெஞ்சு, இப்பிடிப் பொட்டுன்னு போயிட்டே" என்று அவர் விம்மியதைக் கேட்டு, அழுதுகொண்டிருந்தவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அளவில் சந்தேகம் வந்தால் துணியில் கத்திரி வைக்கமாட்டார். மளிகைக்கடை முதலாளி ஒருவருக்கு ஒரே வருஷத்தில் வயிறு நாலு இஞ்ச் ஏறிவிட்டது. வயிறு ஓரிடத்தில் நின்ற பிறகு வாரும், ஓடுகிற வண்டிக்கு அளவெடுக்க என்னால் ஆகாது என்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்யாணச் சட்டை என்றால் இரண்டு தடவை அளவு. துணி கொடுக்கும்போது ஒன்று, வெட்டுவதற்கு முன்னால் ஒன்று. நிச்சயம் முடிந்த மாப்பிள்ளைகள் விருந்து தின்றே பெருத்துவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் சேர்ந்திருந்த காலம் அது. நான் வடசேரியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பங்குனியில் குழித்துறையில் எனக்குப் பெண் நிச்சயமாகி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. பெண்ணை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தானாகச் சிரித்துக்கொண்டிருந்ததில் பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரமே சில்க் துணி வாங்கி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கழுத்து பதினாலு.

அதற்குப் பிறகுதான் எனக்கு என்னவோ ஆயிற்று. சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, நான் கம்பளிக்குள் நடுங்கினேன். கரும்பலகையில் வகுத்தல் கணக்கைத் தொடங்கி, மீதி வருவதற்குள் நாற்காலியில் தூங்கிவிடுவேன். குரல் கட்டிப்போய், பாடம் நடத்தினால் தவளை நடத்துவது போலிருந்தது. மாடிப்படி பத்து ஏறினால் மூச்சு வாங்கியது. தலைமை ஆசிரியர், இனி ஒரு தடவை தூங்கினால் வீட்டிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெண்ணின் போட்டோவை எடுத்துப் பார்த்தால் மனசில் ஒரு அசைவும் இல்லை. ஆசைப்பட்ட பெண்தான், நினைத்தால் அழுகைதான் வந்தது. எனக்கே பயமாக இருந்தது.

அம்மா ஒரே முடிவுக்கு வந்தாள். வேறு எவளையோ மனசில் வைத்துக்கொண்டு ஏங்குகிறான். அதை அவள் அக்கம்பக்கத்தில் சொல்லி அழ, அவர்கள் கல்யாணத் தரகரிடம் சொல்ல, தரகர் முதல் பஸ்ஸிலேயே குழித்துறைக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார்.

ஆடி மாதம் இரண்டாம் அளவுக்குப் போனேன். அண்ணாச்சி டேப்பைக் கழுத்தில் சுற்றினார். கழற்றினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சுற்றினார்.

"சாரே, நெஞ்சு அப்பிடியே இருக்கு. கழுத்து மட்டும் ஒண்ணரை இஞ்ச் கூடியிருக்கு. இது விருந்துச் சாப்பாட்டுக்க வேலை இல்ல. நடையும், டாக்டரைப் பாப்போம்."

கடையைப் பூட்டிவிட்டு என்னை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் என்னைத் தண்ணீர் விழுங்கச் சொல்லித் தொண்டையைக் குனிந்து பார்த்தார். அண்ணாச்சியும் அவருக்குச் சமமாகக் குனிந்து பார்த்தார். அவரை வெளியே உட்காரவைத்த பிறகுதான் டாக்டரால் என் கீழிமையை இழுத்துப் பார்க்கவும், ரத்தத்தைச் சோதிக்கவும் முடிந்தது. தொண்டையில் உள்ள தைராய்டு சுரப்பி வீங்கியிருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்றார். அது தூங்கினால் உடம்பு மந்தமாகும், மனசும் கூடவே இருண்டுபோகும். போதாததற்கு ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவு, சோர்வு இரட்டிப்பாகிவிட்டது. ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். நான் அவர் முன்னாலேயே அழுதேன். சோம்பேறி இல்லை, துரோகி இல்லை, நோயாளி என்று கேட்பது அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி அம்மா ஆளனுப்பினாள். மாப்பிள்ளை நழுவப் பார்க்கிறான், வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

ஓணத்துக்குப் பத்து நாள் இருந்தது. தையற்காரன் கடையை விட்டு எழுந்திருக்கக்கூட முடியாத நேரம். அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டுக் குழித்துறைக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே நடந்ததைப் பிற்பாடு என் மனைவி சொல்லித்தான் அறிவேன். கூப்பிடாமலே உள்ளே போய், அவளுடைய அப்பா முன்னால் நின்றாராம்.

"மாப்பிள்ளைக்க மனசுல வேற ஒருத்தியும் இல்ல. கழுத்துல ஒண்ணரை இஞ்ச் கூடுதல், ரெத்தத்துல இரும்பு குறவு. அம்புட்டுதான்."

"நீரு யாருவே?"

"அவருக்குச் சட்டை தைக்கவன்."

சட்டை தைக்கிறவனுக்கு அடுத்தவன் மனசு எப்படித் தெரியும் என்று மாமனார் சீறியிருக்கிறார். அண்ணாச்சி அசரவில்லை.

"துணி கொண்டு வந்த அன்னைக்கு, பட்டன் வெள்ளையா, யானைத்தந்த நிறமான்னு ஒரு மணிக்கூர் என் கடையில நின்னு யோசிச்சாரு. பிடிக்காத பொண்ணுக்கு எவன்வே பட்டன் பாப்பான்?"

அதே மூச்சில் மாமனார் கழுத்தில் டேப்பைச் சுற்றி, பதினாறு, உமக்கு ஒரு கேடும் இல்லை என்று சான்றிதழும் கொடுத்தாராம். கதவுக்குப் பின்னாலிருந்து பெண் மெல்லச் சொன்னாள்: "தை மாசம் வரைக்கும் இருக்கலாம்ப்பா."

இரும்பு டானிக் பல்லையெல்லாம் கறுப்பாக்கிவிட்டது. சிரிப்பு திரும்பி வந்த நேரத்தில் சிரிக்கமுடியாத வாயோடு அலைந்தேன். புரட்டாசியில் கம்பளி போயிற்று. வகுத்தலில் மீதி வரத் தொடங்கியது. கார்த்திகையில் ஒருநாள் போட்டோவைப் பார்த்தேன், நெஞ்சு படபடத்தது. டாக்டரிடம்கூடச் சொல்லாமல் நேரே அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பதினாலேகால் என்றார், துணியை எடுத்து வெட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சட்டை வந்தது. கழுத்து கச்சிதம். பக்கத் தையலுக்குள் மட்டும் இரண்டு விரல் துணி மடிப்பாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"இனி நீரு சந்தோசமா இருப்பேரு. நல்லா சாப்பிடுவேரு. அதுக்குத்தான்."

அவர் சொன்னபடியே நான் பெருத்தேன். ஆனால் அதற்குள் அண்ணாச்சி காலமாகிவிட்டார். வேறு தையற்காரரிடம் கொடுத்து அந்த மடிப்பைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. சட்டை உடம்பில் ஏறாமல் பெட்டியிலேயே இருக்கிறது.