ரிஹர்சல் அக்கா போட்ட சண்டைகள்

மைசூரில் ரிஹர்சல் அக்காவிடம் திட்டு வாங்காத ஆட்டோக்காரர், பூக்காரி, கண்டக்டர் யாராவது இருந்தால், அவர் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். இத்தனைக்கும் அக்காவுக்கு யார் மேலும் கோபம் கிடையாது. நாடகம் எழுதுகிறவர். எழுதிய வசனம் எடுபடுமா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நானும் அவரும் ஒரே கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஒருநாள் மண்டி மொஹல்லாவில் பட்டன் வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறப் போனோம். அக்கா திடீரென்று டிரைவரின் சட்டையைப் பிடித்தார்.

"என் தாலிய எங்கடா வித்த? சொல்லு!"

டிரைவருக்கு வாய் குழறியது. "அக்கா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா!"

அதற்குள் கூட்டம் கூடி, ஒருவர் ஆட்டோ சாவியையே உருவிவிட்டார். அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து, "தம்பி, அத இன்னொருக்கா சொல்லுங்க. நான் எழுதுனதவிட நல்லா இருக்குது" என்றார். கூட்டத்துக்கு விளக்கிச் சொல்லி அந்த டிரைவரை மீட்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

அக்காவுக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் மார்டள்ளி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அதனால் தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்தில்தான் எழுதுவார். அவர் நாடகங்களில் நடிக்கிற ஃபேக்டரிக்காரர்கள் எங்களுக்கும் அதுவே சௌகரியம். பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. கன்னட எழுத்தில் 'ழ' இல்லையே என்று யாரும் கவலைப்படவில்லை. எங்கள் வாயிலும் அது இருந்ததில்லை.

ஆயுத பூஜைக்கு ஃபேக்டரி கேன்டீனில் போட்ட நாடகத்தை யாரோ செல்போனில் பிடித்து அனுப்ப, அது சுற்றிச் சுற்றிச் சென்னையில் ஒரு இளம் டைரக்டரிடம் போய் நின்றது. "இதையே படமா எழுதித் தாங்க" என்றார். அக்கா இரண்டு மாதத்தில் நாலு நோட்டு நிரப்பிக் கூரியரில் அனுப்பினார். மறுவாரம் போன்.

"அக்கா, இது கன்னடப் படமா?"

"தமிழுதானுங்க. எழுத்துதான் கன்னடம்."

"அப்ப நான் எப்படிப் படிக்கிறது?"

"நானே வந்து படிச்சுக் காட்டறனுங்க."

லீவு கேட்டதும் சூப்பர்வைசர் எகிறினார். "இந்த நேரத்துல லீவா? போனீங்கன்னா மெஷின் வேற ஆளுக்கு!"

"சார், கடைசி வார்த்தய மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் அக்கா என் கையை விடவே இல்லை. "கண்ணு, தையல் தப்பாப் போனா பிரிச்சுத் தெச்சுக்கலாம். இத எப்பிடிப் பிரிக்கறது?" நான் வழியில் சாப்பிட ரெண்டு பன் வாங்கிக் கொடுத்தேன்.

சென்னையில் ஐந்து மணி நேரம் படித்தாராம். பதினோரு பாத்திரம், பதினோரு குரல். மாமியார் சாகும் காட்சியில் அக்கா தரையில் விழ, ஆபீஸ் மேனேஜர் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அருமைக்கா. ஆனா பாதிப் பேச்சை எடுத்துடணும்" என்றார்.

ஒரு வாரம் அக்கா அவரோடு பேசவே இல்லை. அப்புறம் எனக்குப் போன் செய்தார். "ரெண்டு பக்கச் சண்ட கண்ணு, பூராத்தையும் கோடு போட்டு அடிச்சுட்டன். மருமவ சோத்துத் தட்டத் தள்ளி வெக்கறா, அவ்வளவுதான். இப்பத்தான் சண்ட பெருசாத் தெரியுது."

மெஷின் போனது போனதுதான். படம் வர இரண்டு வருஷம் ஆனது. அதுவரை வீட்டில் பிளவுஸ் தைத்தார். போன மாதம் மைசூரில் ரிலீஸ். நாங்கள் முப்பது பேர் மேட்டினிக்குப் போனோம். 'திரைக்கதை, வசனம்' என்று திரையில் வந்தது. கீழே ஒரு பெயர். ஒருவரும் கைதட்டவில்லை. யாரோ என்னவோ, 'ரிஹர்சல் அக்கா' என்று அடுத்து வரும் என்று உட்கார்ந்திருந்தோம். ஏழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தைத்த எனக்கே அந்தப் பெயர் தெரியாது.

முன் வரிசையிலிருந்து அக்கா எழுந்து திரும்பினார். "அடியே, அது நானுதான்டி!"

நாங்கள் தட்டிய தட்டில் முதல் காட்சியில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. அதைக் கேட்பதற்காகவே மறுநாளும் போனோம்.

மூன்றாம் நாள் நான் மட்டும் போனேன். பெயர் வந்ததும் எழுந்து நின்று தட்டினேன். பக்கத்து சீட்டில் இருந்தவர், "தெரிஞ்சவங்களாம்மா?" என்று கேட்டார்.

"எங்க அக்கா" என்றேன்.