ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்காரர்

பெருநகரங்களின் மத்திய ரயில் நிலையத்தைச் சுற்றி மட்டுமே வாழும் ஓர் இனம் உண்டு. இவர்கள் பயணிகள் அல்லர், போர்ட்டர்கள் அல்லர், ரயில்வே ஊழியர்களும் அல்லர். ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் குடியிருப்பவர்கள். அந்த ஒரே தகுதியில் ரயில்வேக்கே பாதிப் பங்காளிபோல் நடந்துகொள்வார்கள். இந்த இனத்தை நான் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். தினமும் சவரம் செய்யும்போது நேருக்கு நேர் பார்க்கிறேன்.

ஊதல் கேட்டால் போதும், இந்த இனத்தவர் பேசிக்கொண்டிருப்பவரை ஒற்றை விரலால் நிறுத்துவார். "நாலு பத்து வண்டி. இன்னிக்கு ஏழு நிமிஷம் லேட்டு." யாராவது கேட்டார்களா? தெருவில் ஒருவர் பெட்டியோடு தயங்கி நின்றால், வாங்கப்போன பாலையும் மறந்து, அவரை முன்பதிவு அலுவலகம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்புவார். பெட்டிக்காரர் தேடியது செருப்புக் கடை. ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையை மட்டும் நம்மவர் ஏறிட்டுப் பார்க்கமாட்டார். அது வெளியூர்க்காரர்களுக்கு.

போன மாதம் என் தங்கைக்கு வேலை கிடைத்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் வேறோர் ஊரில் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும். தவறினால் வேலை, பட்டியலில் அடுத்த ஆளுக்கு. இருப்பது ஒரே வண்டி, மாலை ஐந்தே முக்காலுக்கு. ஐந்து மணிக்கே அவள் வாசலில் நின்றாள்.

"அண்ணா, கிளம்பலாமா?"

"உக்காரு. நம்ம ஸ்டேஷன்தானே. ஆறே நிமிஷம்."

இரண்டாவது டீயும் ஆயிற்று. இப்படித்தான் தன் அப்பாவை நான் வழியனுப்பப் போய், வண்டியைத் தவறவிட்டு அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கேயே திரும்பி வந்தார் என்று அடுக்களையிலிருந்து என் மனைவி நினைவூட்டினாள். காதில் விழவில்லை.

ஐந்து முப்பத்தைந்துக்குப் பெட்டியை நான் பிடுங்கிக்கொண்டேன். பெட்டி நம் கையில் இருந்தால் ஆள் பின்னாலேயே வந்தாக வேண்டும். இது எங்கள் குலத்தொழில் ரகசியம். பார்சல் ஆபீஸ் பக்கத்துக் கேட்டில் நுழைந்தால் நேரே ஆறாம் பிளாட்பாரம், அந்த வண்டி எப்போதும் நிற்கும் இடம். நுழையப் போனேன். சுவர். நேற்றுக் கட்டிய சுவரும் இல்லை. சாயம் வெளுத்து, மேலே ஒரு பூனை நிம்மதியாகத் தூங்கும் அளவுக்குப் பழையது. ஸ்டேஷனைப் பற்றித் தினமும் பேசினேனே தவிர, உள்ளே போய் எத்தனை வருஷம்?

திரும்பினேன். தங்கையைக் காணோம். பெரிய வாசல் வழியாக ஓடி, மூச்சு வாங்க ஆறாம் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். அங்கே ஒரு சரக்கு வண்டி. அப்போது இரண்டாம் பிளாட்பாரத்திலிருந்து ஊதல் கேட்டது. பழக்க தோஷம், பக்கத்தில் நின்றவரிடம் விரலை உயர்த்தினேன்: "அஞ்சே முக்கால் வண்டி. இன்னிக்குக் கரெக்ட் டைம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போன் அடித்தது.

"ஏறிட்டேன் அண்ணா. போர்டுல ரெண்டுன்னு போட்டிருந்துச்சு."

"ஐயோ, பெட்டி என்கிட்ட இருக்கே. சர்டிபிகேட்டு?"

"என் தோள்பையில இருக்கு. நீ பெட்டியத் தூக்குவேன்னு தெரியும், அதான் அதுல துணி மட்டும் வெச்சேன். பார்சல்ல அனுப்பிடு. பார்சல் ஆபீசுக்கு வழி மட்டும் யாரையாவது கேட்டுக்கோ."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தச் சுவர் குறுக்கே வந்தபோது, 'சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கமாகப் போயிருக்கலாமே' என்று உங்கள் நாக்கு நுனிவரை வந்ததா, இல்லையா?

எந்த ஊர் ஸ்டேஷன் என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே!